பணியாளர் இடாப்பும் கணினியும்

இடாப்பு என்னுஞ் சொல்லை அறியாத மாணவர் நம் நாட்டில் இலர். காலை மணி ஒலித்ததும் வகுப்பாசிரியர் இடாப்பைத் திறந்து பெயர்களை அழைக்கின்றார்; வந்தோர்க்கு ஒரு குறியும் வாராதோர்க்கு வேறொரு குறியும் இடுகின்றார். மாத முடிவில் அக்குறிகளை எண்ணி வரவின் கூட்டுத்தொகையும் சராசரியும் காண்கின்றார். அவ்விடாப்பைச் சற்றே உற்று நோக்குவோமாயின் அதனுள் இருவகைச் செய்திகள் அடங்கியிருத்தல் புலனாகும். நாடோறும் இடப்படும் வரவுக் குறிகள் ஒருவகை. ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைக்கப்பட்ட பெயர், சேர்விலக்கம், பிறந்த திகதி, வகுப்பு, பாடசாலை நடைபெறும் நாட்கள் என்பன மற்றொரு வகை. முன்னவை நாளுக்கு நாள் வேறுபடுவன. பின்னவை நிலைத்து நின்று முன்னவற்றைத் தாங்குவன. ஒரு நாள் வரவுக் குறி பிழைத்தால் அந்நாட் கணக்கு மாத்திரம் பிழைக்கும். சேர்விலக்கம் பிழைத்தாலோ ஆண்டு முழுவதும் இட்ட குறிகள் யாவும் வேறொரு மாணவனைச் சென்றடையும்.

இவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருள். இன்று அலுவலகம், வைத்தியசாலை, தொழிற்சாலை என எங்கும் ஊழியரின் வரவு, கடமை முறை, லீவு, மேலதிக நேரம் ஆகியவற்றைக் கணினியே கணிக்கின்றது. இதற்கென இயற்றப்பட்டதனைப் பணியாளர் முகாமை மென்பொருள் என்பர். அதனுட் பெறப்படும் மணிக்கணக்கே சம்பளப் பட்டியலுக்குச் செல்கின்றது. நம் கல்லூரியிற் பயின்றோருட் பலர் உள்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் இத்தகைய மென்பொருளின் வழியே ஊதியம் பெறுகின்றனர். சிலர் அதனை ஆளுங் கணக்காளராயும் முகாமையாளராயும் கணினிப் பொறியியலாளராயும் விளங்குகின்றனர். இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவரும் நாளை அவ்வாறே ஆவர். ஆதலின் அதன் அடிப்படையை அறிந்துகொள்ளுதல் அனைவர்க்கும் பயன்றரும்.

தமிழாசிரியனுக்குக் கணினியிடத்து என்ன வேலை என வினவுவாரும் உளர். பொருள்களுக்குப் பெயரிடுதலும், அவற்றை வகுத்தலும், வகுத்தவற்றுக்கு விதி கூறுதலும் இலக்கணகாரன் தொழில். கணினியின் அடிப்படைத் தரவை அமைத்தலும் அத்தொழிலே என்பது மேலே கூறப்படுவனவற்றால் விளங்கும்.

பொறியின் முன் வரலாறு

வேலைக்கு வருவோரின் நேரத்தைப் பொறி கொண்டு பதியும் வழக்கம் புதியதன்று. அமெரிக்க நாட்டில், நியூயோர்க் மாநிலத்து ஓபேர்ன் நகரில் நகை வணிகராயிருந்த வில்லார்ட் பண்டி என்பார் 1888ஆம் ஆண்டளவில் அத்தகைய கடிகாரம் ஒன்றை அமைத்தார். மறு ஆண்டில் அதனைச் செய்து விற்கும் தொழிலகம் பிங்காம்ரன் நகரில் நிறுவப்பட்டது. அத்தொழிலகம் பிறவற்றோடு இணைந்து வளர்ந்து, 1911இல் ஒரு பெருங் கம்பனியின் பகுதியாயிற்று. அக்கம்பனியே 1924இல் ஐ.பி.எம். எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பண்டியின் கடிகாரத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இலக்கமிட்ட திறப்பு ஒன்று உண்டு. அதனை உள்ளிட்டுத் திருப்பினால் அவ்விலக்கமும் நேரமும் தாளிற் பதியும். இங்கு ஒன்றை நினைத்தல் வேண்டும். பொறிக்குத் தெரிந்தது இலக்கம் மாத்திரமே. 27ஆம் இலக்கத் திறப்பு எவருடையது என்பது அதற்குத் தெரியாது. அதனைக் கூறுவது இலிகிதரின் மேசையிலிருந்த பெயர்ப் பட்டியல். கடிகாரம் நொடி பிசகாது ஓடினும் அப்பட்டியல் பிசகுமாயின் ஒருவன் உழைப்பு மற்றொருவன் பெயரில் ஏறும். இன்று திறப்புக்குப் பதிலாக விரலடையாளப் பொறி வந்துள்ளது. பட்டியலின் தேவை மாத்திரம் மாறவில்லை.

அடிப்படைத் தரவு யாது?

தமிழ் வாக்கியத்தில் எழுவாயின் திணை, பால், எண், இடம் என்பன துணியப்பட்ட பின்னரே பயனிலை முடியும். வந்தவன் ஆடவன், ஒருவன், படர்க்கையிடத்தான் என அறிந்தபின் “வந்தான்” என முடிக்கின்றோம். எழுவாயைப் பிழையாகக் கொண்ட ஒருவன் விகுதி விதிகளைக் கசடறக் கற்றிருப்பினும் அவன் வாக்கியம் வழுவேயாகும். கணினி கூறும் சம்பளத் தொகை பயனிலை போன்றது. அத்தொகைக்கு உரிய ஆள் யார், எவ்வகை ஊழியர், எப்பதவியினர், எவ்விடத்தினர், எவ்விதிக்கு உட்பட்டவர் என்னும் செய்திகள் எழுவாய் போன்றவை. கணினி கூட்டலிலும் பெருக்கலிலும் தவறுவதில்லை; எழுவாயை வழுவாகக் கொடுப்பின் வழுவான முடிபையே விரைந்து தரும்.

இவ்வடிப்படைச் செய்திகளை ஐந்து பதிவேடுகளாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, ஆள் பற்றிய பதிவேடு. ஓர் ஆளுக்கு ஓர் இலக்கம், ஓர் இலக்கத்துக்கு ஓர் ஆள் என்பதே இதன் தலையாய விதி. கேட்க எளிது, காத்தல் அரிது. நம்மவர் பெயர்களையே நோக்குக. தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்வைத்துத் தம் பெயரை எழுதுதல் நம் வழக்கு. குடும்பப் பெயர் நமக்கு இல்லை. பிறநாட்டு மென்பொருள் குடும்பப் பெயர் எங்கே எனக் கேட்குமிடத்து ஓரிடத்தில் தந்தை பெயரும் வேறோரிடத்தில் தம் பெயரும் எழுதப்படுதல் உண்டு. சிவஞானம் என்னும் ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவார் பலவாறு எழுதுவர். இனி நம் தேசிய அடையாள அட்டையை நோக்குக. முன்பு 9 இலக்கங்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்த எண், 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்களாயிற்று. பழைய அட்டையைக் காட்டி வேலைக்குச் சேர்ந்த ஒருவர் புதிய அட்டை பெற்றபின் மீண்டும் பதியப்படின், கணினி அவரை இருவராகக் கொள்ளும். அவர் லீவு இரு கூறாகும். அவருடைய சேமலாப நிதிக் கணக்கும் இரண்டாகலாம். ஆதலின் பெயரையோ அட்டை எண்ணையோ நம்பாது, நிறுவனம் தானே வழங்கும் மாறாத இலக்கம் ஒன்றை அடிப்படையாகக் கொள்ளுதல் வழக்கம்.

இரண்டாவது, அமைப்பும் பதவியும் பற்றிய பதிவேடு. பதவி வேறு, அப்பதவியில் இருப்பவர் வேறு. அதிபர் மாறுவர், அதிபர் பதவி நிலைக்கும். லீவு விண்ணப்பத்தை அங்கீகரிப்பவர் இன்னார் என ஆளின் பெயரை எழுதிவைப்பின், அவர் ஓய்வு பெற்ற மறுநாள் விண்ணப்பங்கள் வெறுங் கதிரைக்குச் சென்று தேங்கும். பதவியை எழுதிவைப்பின் அடுத்து வருபவரிடம் தாமாகவே சேரும். ஒருவர் இரு பதவிகளை வகித்தலும் உண்டு. பகலில் ஒரு பிரிவிலும் வார இறுதியில் வேறொரு பிரிவிலும் கடமை புரியும் தாதி ஒருவரே; அவர் கடமைகளும் அவற்றுக்குரிய ஊதிய விகிதங்களும் இரண்டு. இதனை உணராத பதிவேடு, ஒரு விகிதத்தையே இரண்டிற்கும் இடும்.

மூன்றாவது, இடமும் நாட்காட்டியும் பற்றிய பதிவேடு. எந்நாள் விடுமுறை என்பதை உலகம் ஒருபடித்தாகக் கொள்வதில்லை. நம் நாட்டிலேயே 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறு விடுமுறை நீங்கிப் போயா நாளும் அதன் முன்னாளும் வார விடுமுறையாயிருந்ததை மூத்த பழைய மாணவர் மறந்திரார். திங்களின் ஓட்டத்தைத் தொடர்ந்தமையால் ஒரு வாரம் சிலபோது நீண்டும் வந்தது. இன்றும் பூரணைப் போயா மாதந்தோறும் விடுமுறையாயிருப்பினும் அதன் திகதி ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். எனவே ஒவ்வோர் ஆண்டுக்கும் நாட்காட்டியை ஒருவர் பார்த்துப் பதிதல் வேண்டும். மறப்பின் போயா நாளிற் கடமை புரிந்தவர் சாதாரண நாளுக்குரிய ஊதியமே பெறுவர்.

நாளின் எல்லையும் இப்பதிவேட்டிலேயே வரையறுக்கப்படும். ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கித் திங்கள் காலை 6 மணிக்கு முடியும் கடமை எந்நாளுக்குரியது? தொடங்கிய நாளுக்கா, பெரும்பகுதி நிகழ்ந்த நாளுக்கா, நள்ளிரவில் இரண்டாகப் பகுப்பதா? மூன்றும் வழக்கிலுள்ளன; எது தம் நிறுவனத்தின் முறை என்பதை எழுதிவைத்தல் வேண்டும். கனடாவின் பெரும்பகுதியில் மார்ச்சு மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னும் நவம்பரில் ஒரு மணி பின்னும் தள்ளுவர். நவம்பரின் அவ்விரவில் கடமை புரிபவர் கடிகாரப்படி 8 மணி நேரமும் மெய்யாக 9 மணி நேரமும் உழைக்கின்றார். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இவ்வழக்கம் உண்டு. அதன் அயலிலுள்ள குவீன்ஸ்லாந்தில் இல்லை. இடம் பிழைத்தால் நேரமும் பிழைக்கும் என்பதற்கு இது சான்று.

நான்காவது, விதிகள் பற்றிய பதிவேடு. இதுவே மிகப் பெரிது. நம் நாட்டின் 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உணவு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 45 மணியும் சாதாரண வேலை நேரம் எனவும், மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் எனவும் கூறும். காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குச் செல்லும் இலிகிதர் ஒருவரைக் கொள்வோம். இடையே ஒரு மணி உணவுக்கு நீங்கினால் அவர் உழைத்தது 9 மணி. மேலதிகம் 1 மணி. இடைவேளையைப் பதிவேட்டில் எழுத மறந்திருப்பின் கணினி மேலதிகம் 2 மணி எனும். இருமுறை எழுதியிருப்பின் மேலதிகம் இல்லை எனும். மாதத்தில் 20 நாள் அவ்வாறு உழைத்தவர் 20 மணிக்குரிய மேலதிக ஊதியத்தை, அஃதாவது 30 மணிச் சம்பளத்தை, இழப்பார். ஓரிடத்தில் எழுதிய ஒரு சிறு எண்ணால் விளையும் இழப்பு இது. அவ்விதிக்கு உட்பட்டார் நூறு பேராயின் நூறு பேர்க்கும் நிகழும்.

இன்னும் ஆழமான தீங்கு உடனே கண்ணுக்குத் தோன்றாதது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஊழியர் சேமலாப நிதிக்கு இன்று ஊழியர் நூற்றுக்கு 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துதல் வேண்டும். வாழ்க்கைச் செலவுப் படி இதற்குரிய சம்பாத்தியத்தில் அடங்கும். மேலதிக நேர ஊதியம் அடங்காது. ஆதலின் ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் எதிரே “நிதிக்குரியது” அல்லது “நிதிக்குரியதன்று” என்னும் குறி இடப்படும். 10,000 ரூபா வாழ்க்கைச் செலவுப் படிக்கு எதிரே அக்குறி பிழைபட இடப்பட்டால் மாதம் 2,000 ரூபா நிதியிற் சேராது போகும். ஆண்டுக்கு 24,000, 20 ஆண்டுகளில் 4,80,000 ரூபா, வட்டி நீங்கலாக. மாதச் சம்பளம் குறைந்தால் ஊழியர் அன்றே கேட்பர். இக்குறையோ முதுமையில் நிதியைப் பெறச் செல்லும் நாளிலேதான் தெரியவரும்.

ஐந்தாவது, தகுதி பற்றிய பதிவேடு. எவர் எக்கடமைக்குப் பயிற்சி பெற்றவர், அவருடைய அனுமதிப் பத்திரம் எத்திகதியில் முடிவடையும் என்பன இதனுள் அடங்கும். கடமை முறையை வகுக்கும் கணினி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவரைத் தெரிவு செய்வது இதனைப் பார்த்தே. இங்கே பிழை நேரின் தீங்கு பணத்தளவில் நில்லாது.

கால வழு

இவ்வைந்துக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. பழைய செய்தியை அழித்துப் புதியதை அதன்மேல் எழுதுதல் ஆகாது. ஒவ்வொரு செய்தியும் எந்நாள் முதல் எந்நாள் வரை உண்மை என்பதோடு நிற்றல் வேண்டும். ஒருவர் ஜூன் 16ஆம் திகதி பதவி உயர்வு பெறுகின்றார். கடிதம் ஆகஸ்டிற் கிடைக்கின்றது. ஜூன் 15 வரை பழைய விகிதமும் 16 முதல் புதிய விகிதமும் இட்டு, முன்பு கொடுத்ததைக் கழித்து, நிலுவையைக் காணல் வேண்டும். பழைய விகிதத்தை அழித்துவிட்டவர் இதனைச் செய்யமாட்டார்; ஆகஸ்டு முதல் என எழுதிவிட்டவர் நிலுவையைக் காணவேமாட்டார். “நேற்று வருவான்” என எழுதும் மாணவனைக் கால வழு எனத் திருத்துகின்றோம். சம்பளப் பதிவேட்டிலுள்ள கால வழுவைத் திருத்துவாரின்றி விடுதலால் குடும்பங்கள் துன்புறும்.

இரு நாடுகளில் நிகழ்ந்தவை

இவையெல்லாம் வெறும் எச்சரிக்கை எனக் கருதுவார் பின்வரும் இரண்டு நிகழ்ச்சிகளை நோக்குக.

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் 2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புதிய சம்பள முறைமை தொடங்கப்பட்டது. கடமை முறையை ஒரு மென்பொருளும் சம்பளத்தை மற்றொரு மென்பொருளும் கணிக்க, இரண்டும் இணைக்கப்பட்டன. ஏறத்தாழ 78,000 ஊழியர்; பல்வேறு தொழில் உடன்படிக்கைகளாலும் படிகளாலும் 24,000க்கும் மேற்பட்ட ஊதியச் சேர்க்கைகள். முதற் சம்பளத்திலேயே தாதியரும் பிறரும் குறையப் பெற்றனர். சிலர் ஒன்றும் பெற்றிலர். வேறு சிலர் மிகையாகப் பெற்று, பின்னர் அதனைத் திருப்பிக் கேட்டபோது இடர்ப்பட்டனர். 2013இல் நீதிபதி றிச்சர்ட் செஸ்டர்மனின் விசாரணை ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. காரணமற்ற அவசரமும் அரச அலுவலரின் கவனக்குறைவும் அதிற் சுட்டப்பட்டன. தமக்கு வேண்டியது யாது என்பதை முற்ற வரையறுத்துக்கொள்ளாமலே வேலை தொடங்கப்பட்டிருந்தது. அம்முறைமையின் மொத்தச் செலவு ஏறக்குறைய 120 கோடி அவுஸ்திரேலிய டொலர் என மதிப்பிடப்பட்டது.

கனடாவில் மத்திய அரசாங்கம் 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் பீனிக்ஸ் என்னும் சம்பள முறைமையைத் தொடங்கியது. ஏறத்தாழ 290,000 அரச ஊழியர் அதற்கு உட்பட்டனர். 80,000க்கும் மேற்பட்ட ஊதிய விதிகள் கணினிக்குக் கற்பிக்கப்பட வேண்டியிருந்தன. பல திணைக்களங்களில் இருந்த சம்பள ஆலோசகர் ஏறத்தாழ 1,200 பேருடைய பதவிகள் நீக்கப்பட்டு, மிராமிச்சி என்னும் ஊரிலுள்ள நிலையத்தில் ஏறத்தாழ 550 பேரிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டுச் சில பணிகள் முறைமையினின்றும் நீக்கப்பட்டன. மேலே கூறிய நிலுவைச் சம்பளக் கணிப்பும் அவற்றுள் ஒன்று. ஒரு திணைக்களத்தில் முன்னோடியாக நடத்திப் பார்க்க இருந்த சோதனையும் கைவிடப்பட்டது. 2017 நடுப்பகுதியில் தீர்க்கப்படாதிருந்த சம்பளப் பிழைகள் 50 கோடி கனேடிய டொலருக்கு மேற்பட்டன எனக் கணக்காய்வாளர் நாயகம் அறிவித்தார்.

இவ்விரண்டிலும் உணரத்தக்க உண்மை ஒன்றுண்டு. பழைய இலிகிதர்கள் பதிவேட்டில் இல்லாத பலவற்றைத் தம் நினைவில் வைத்திருந்தனர். இவர்க்கு இரு பதவி, அவர்க்கு இன்ன படி, இப்பிரிவில் இரவுக் கடமைக்கு இன்ன வழக்கம் என்பன அவர்தம் அனுபவத்தில் இருந்தவை. அவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் அவர்களை அனுப்பிவிடின் பதிவேட்டின் ஒரு பகுதி அவர்களோடு சென்றுவிடும். புதிய பொறி அதனை யாரிடமிருந்து கற்கும்?

செய்யத்தக்கன

இத்தொழிலில் இறங்குவார் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில. அடிப்படையை வரிசைப்படி அமைத்தல் முதலாவது: முதலில் இடங்கள், பின் அமைப்பு, பின் நாட்காட்டியும் விதிகளும், பின் பதவிகள், ஈற்றில் ஆட்கள். பதவி எழுதப்படாமுன் ஆளை எழுதப் புகின் எதனோடும் பொருந்தாத பெயர்களே எஞ்சும். ஒவ்வொரு பதிவேட்டுக்கும் பொறுப்பாளர் ஒருவரைக் குறித்தல் இரண்டாவது. பலர் கை வைத்து எவரும் பொறுப்பேலாத பதிவேடு விரைவிற் கெடும். மூன்றாவது, பழைய முறையையும் புதிய முறையையும் சில சம்பள காலங்களுக்கு அருகருகே நடத்தி, இரண்டு தொகைகளும் வேறுபடுமிடங்களைத் தனித்தனி ஆராய்தல். சோதிக்கும்போது பகலில் வந்து மாலையிற் செல்லும் எளிய ஊழியரை மாத்திரம் கொள்ளாது, இரு பதவி வகிப்பவர், இரவுக் கடமையினர், மகப்பேற்று லீவில் உள்ளவர், மாத நடுவில் இடமாற்றம் பெற்றவர் ஆகியோரையும் எடுத்துக்கொள்க. நான்காவது, தம்மைப் பற்றி எழுதப்பட்டிருப்பதை ஒவ்வோர் ஊழியரும் காண வழி செய்தல். தம் பெயரும் பிறந்த திகதியும் பதவியும் சரியா என்பதை அவரினும் நன்கு அறிவார் யார்?

நிறுவனங்களை நடத்தும் பழைய மாணவர், விலை கூறி மென்பொருள் விற்க வருவோரிடம் அதன் அழகை மாத்திரம் வினவாது, தம் பதிவேடுகள் அதனை ஏற்கத் தக்க நிலையில் உள்ளனவா எனத் தம்மைத்தாமே முதலில் வினவுவாராக. ஊதியம் பெறுவோர் தம் சம்பளச் சீட்டை மடித்து வைத்துவிடாது, படிகளையும் சேமலாப நிதிக் கழிப்பையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒப்பு நோக்குவாராக. மாணவர்களே, இடாப்பில் உங்கள் பெயர் பிழைபட எழுதப்பட்டிருப்பின் நாணாது எழுந்து ஆசிரியரிடம் கூறுங்கள். இன்று ஓர் எழுத்தைத் திருத்தப் பழகுபவனிடம் நாளை ஆயிரவர் ஊதியம் தங்கிய பதிவேட்டை நம்பிக் கொடுக்கலாம். அத்தகையோரை ஆக்குதல் இக்கல்லூரி இதுகாறும் செய்துவந்த பணி. இனியும் செய்யும் என்பது எம் நம்பிக்கை.